கூப்பன் மாத்துற கதை

5 பெப்ரவரி 1974, செவ்வாய்

இந்த டயரி 1971ஆம் ஆண்டுக்குரியது. அண்ணா வேலை செய்கிற அரசாங்கக் கச்சேரியிலிருந்து கொண்டுவந்தது; மூன்று வருடமாக அலுமாரியின் மேல் தூசு பிடித்துக் கிடந்தது. புதுக் கொப்பி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே கிடைக்காத காலம், எனக்கு எங்கே? கிழமையை வெட்டி வெட்டி எழுதவேண்டியதுதான். இன்றைய பக்கத்தில் வெள்ளி என்று அச்சடித்திருக்கிறது. வெள்ளியானால் என்ன, செவ்வாயானால் என்ன, இரண்டும் சாப்பாட்டுக் கடைகளில் சோறு விற்கக்கூடாத நாள். அரசாங்கக் கட்டளை.

செவ்வாய்க்கும் எனக்கும் என்ன பகையோ தெரியாது. சாதகத்தில் இருந்து கலியாணத்தைக் குழப்பிற்று. இப்போது கடையிலும் வந்து குந்திக்கொண்டு சோற்றைக் குழப்புகிறது. நாற்பது வயதாகிவிட்டது. இனிச் சாதகத்தோடு சண்டை பிடித்து என்ன காண?

விடியவே பேக்கரி வாசல் பாண் கியூவுக்குப் போனேன். சுபைதா எனக்கு முன்பே வந்து, செருப்பைக் கழற்றி இடம் பிடித்துவிட்டு மதிலோடு சாய்ந்திருந்தாள். செருப்புக்குப் பின்னால் யாரோ வைத்த கல், கல்லுக்குப் பின்னால் ஒரு சிரட்டை, அதற்குப் பின்னால் நான். "செருப்பும் சிரட்டையும் பாண் தின்னுது புள்ள, நாமதான் மரவள்ளி" என்றாள். கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் பிறந்தவள். கருவாட்டு வியாபாரி அபூதாஹிரைக் கட்டி எங்கள் ஒழுங்கைக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. அவளுடைய வாய்க்காகவே கியூவில் நிற்கலாம்.

ஒரு இறாத்தல் பாண் கிடைத்தது. வீட்டில் ஆறு பேர்: அண்ணா, மச்சாள், மூன்று பிள்ளைகள், நான். ஆறு பேருக்கும் ஆறு அரிசிக் கூப்பன். ஆறு புத்தகத்தையும் மச்சாள் பழைய சீலைத்துண்டில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகியிருப்பார். தாலிக்கொடி கிடந்த தட்டில் இப்போது கூப்பன் கிடக்கிறது.

9 பெப்ரவரி, சனி

தையலுக்குக் குறைவில்லை. புதுத் துணி கிடையாது, ஆகையால் எல்லோரும் பழசைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கொலர் திருப்புவதுதான் இப்போது என் தொழில். சேட்டுக் கொலர் மடிப்பில் தேய்ந்து நூல் வந்துவிட்டால், தையலைப் பிரித்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைத்துத் தைப்பேன். இன்னும் இரண்டு வருடம் ஓடும். கச்சேரியில் பாதிப் பேர் நான் திருப்பிய கொலரோடுதான் கையெழுத்துப் போடுகிறார்கள். ஊருக்குப் பஞ்சம், என் மெசினுக்குத் திருவிழா. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதானே.

இன்று புது ஆள் ஒருவர். மூதூருக்குக் கடலில் ஓடுகிற லோஞ்சில் இஞ்சின் ட்றைவர், பெயர் ஞானசேகரம். உப்புவெளியில் இருக்கிறார். மனைவி செத்து ஐந்து வருடம், பிள்ளை இல்லை என்று அண்ணா சொன்னார். நாலு சேட்டுக் கொண்டுவந்தார், நாலிலும் டீசல் மணம். அரை மணித்தியாலம் கதிரையில் இருந்தார். மொத்தமாகக் கதைத்தது மூன்று சொல். "வெயில்." "ஓம்." "வாறன்."

14 பெப்ரவரி, வியாழன்

பாண் இல்லை. காலையில் அவித்த மரவள்ளி. மத்தியானம் சோறு பிள்ளைகளுக்கு, எங்களுக்கு மரவள்ளிக் கறியும் மரவள்ளியும். இரவு மரவள்ளி மாப் பிட்டு. நாளைக்கு என்ன என்று சின்னவன் கேட்டான். மச்சாள் அகப்பையை எடுத்தார்.

23 பெப்ரவரி, சனி

ஞானசேகரத்தார் மறுபடியும் வந்தார். கையில் ஒரு சேட்டு. விரித்துப் பார்த்தால் போன கிழமை நான் திருப்பிக் கொடுத்த அதே சேட்டு!

"இது திருப்பினது. ஒரு கொலரை ஒருக்காத்தான் திருப்பலாம். இனித் திருப்பினா தேஞ்ச பக்கம் வெளியில வரும்" என்றேன்.

"அப்பிடியோ" என்றார். "அப்ப என்ன செய்யிறது?"

"போடுறது. வேற என்ன செய்யிறது? நல்லாத்தானே இருக்கு."

"ஓம், நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். நான் மெசினை மிதித்துக்கொண்டிருந்தேன். போகும்போது கட்டைபறிச்சானில் வாங்கியதென்று ஒரு பை கத்தரிக்காய் வைத்துவிட்டுப் போனார். இஞ்சின் ஓட்டத் தெரிந்த மனிதனுக்கு ஒரு கொலரின் உட்புறம் வெளிப்புறம் தெரியவில்லை. கத்தரிக்காய் நல்ல பிஞ்சு.

9 மார்ச், சனி

இன்று ஞானசேகரத்தார் வாய் திறந்து கதைத்தார். அதுவும் அரிசியைப் பற்றி.

நான் வாசலில் சுளகோடு இருந்து கூப்பனரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் சங்கக்கடை அரிசியில் கல் பாதி, அரிசி பாதி. சின்னவனுக்குப் போன மாதம் ஒரு பல்லே உடைந்தது, நல்லவேளை பாற்பல். ஞானசேகரத்தார் நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்கட கூப்பன் இந்தக் கடையிலயோ பதிஞ்சிருக்கு?"

"ஓம், வேற எங்க?"

"உப்புவெளிச் சங்கக்கடை அரிசி நல்ல அரிசி. கல்லே இல்லை." தொண்டையைச் செருமினார். "உங்கட கூப்பனை உப்புவெளிக்கு மாத்தினா என்ன?"

"மூண்டு மைல் போகவேணுமே" என்றேன்.

"போக வரத் தேவையில்லை" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சீனி இல்லாத தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போக வரத் தேவையில்லையாம். ஒருவேளை அவரே வாங்கிக்கொண்டுவந்து தருவாராக்கும். நல்ல மனிதன். கல்லில்லாத அரிசியென்றால் எனக்குக் கிழமையில் இரண்டு மணித்தியாலம் மிச்சம். அந்த நேரத்தில் மூன்று கொலர் திருப்பலாம். திங்கட்கிழமை பொத்தான் வாங்கப் போகும்போது விதானையாரிடம் ஒரு படிவம் கேட்டுப் பார்ப்போம்.

11 மார்ச், திங்கள்

ஐயோ.

12 மார்ச், செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதித் தீர்க்காவிட்டால் வெடித்துவிடுவேன்.

விதானையார் கந்தோரில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். என் முறை வந்தது. விதானையார் இராசதுரை நல்ல மனிதர், அப்பாவின் காலத்திலிருந்து தெரிந்தவர்.

"ஐயா, என்ர கூப்பனை உப்புவெளிக் கடைக்கு மாத்தவேணும்."

"வீடு மாறுறீங்களோ பிள்ளை?"

"இல்லை."

"அண்ணாவையள் மாறுகினமோ?"

"இல்லை ஐயா, என்ர கூப்பன் மட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, ஒரு ஆளின்ர கூப்பனை மட்டும் மாத்துறதெண்டா இந்தப் படிவத்தில மூண்டு காரணந்தான் இருக்கு. ஒண்டு, ஆள் செத்தால் கூப்பனைத் திருப்பித் தரவேணும். ரெண்டு, உத்தியோக மாற்றம். மூண்டு, கலியாணம். உங்களுக்கு எது?"

நான் சொன்ன மறுமொழி! வாயில் கொள்ளியை வைத்தாலும் தகும். "அதெல்லாம் இல்லை ஐயா. லோஞ்ச் ஞானசேகரத்தார்தான் மாத்தச் சொன்னவர்."

கதவடியில் நின்ற ஒருத்தி கொடுப்புக்குள் சிரித்தாள். அது போதுமே, கந்தோரே சிரித்தது. விதானையார்கூட வாயைப் பொத்திக்கொண்டு, "அப்ப மூண்டாவது" என்று பேனையை எடுத்தார்.

எப்பிடி வீட்டை வந்தனான் எண்டு தெரியாது. பொத்தானும் வாங்கேல்ல. அடப் பாவி மனிசா, கேக்கிறதெண்டா நேர கேக்கக்கூடாதோ? வாயில கொழுக்கட்டையோ? அரிசி, கல்லு, கடை எண்டு சுத்தி வளைச்சு... நானும் ஒரு மொக்கு. போக வரத் தேவையில்லையெண்டா என்ன அர்த்தம்? சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கத்தரிக்காய் கொண்டந்தது, திருப்பின கொலரைத் திருப்பிக் கொண்டந்தது, எல்லாத்துக்கும் இப்பதான் அர்த்தம் தெரியுது. நாப்பது வயசில ஒரு மனிசன் என்னைக் கேட்டிருக்கிறான், நான் படிவம் வாங்கப் போயிருக்கிறன்!

கியூவில் சுபைதாவிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து மதிலைப் பிடித்துக்கொண்டாள். "எங்கட பக்கமும் இப்ப இப்பிடித்தான்டி கேக்காங்க. 'கூப்பன் எப்ப மாத்துற?' எண்டா 'நிக்காஹ் எப்ப?' எண்டு அர்த்தம். ஒனக்கு மட்டும் எப்பிடித் தெரியாமப் போச்சு?"

"அவர் அரிசியைத்தான் சொல்லியிருந்தா?"

"அரிசிக்கு ஆராச்சும் வேர்ப்பாங்களா புள்ள?"

17 மார்ச், ஞாயிறு

கதை மச்சாளின் காதுக்கு வந்துவிட்டது. வராமல் இருக்குமா?

குசினியில் வைத்துப் பிடித்தார். "நாப்பது வயசில கலியாணமோ? அதுவும் நீயே போய் விதானையிட்டப் படிவம் கேட்டியாமே! சனம் விழுந்து விழுந்து சிரிக்குது." நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "கூப்பன் அலுமாரிக்கதான் கிடக்கு. திறப்பு என்ர இடுப்பில கிடக்கு. பாப்பம், ஆர் மாத்துறது எண்டு."

எனக்கும் கோபம் வந்தது. "அது என்ர பேரில உள்ள கூப்பன்" என்றேன்.

மச்சாள் அகப்பையைக் கீழே வைத்தார். குரல் இறங்கிப் போயிற்று. "உன்ர பேரிலதான். ஆனா ஆர் தின்னுறது? நீ மரவள்ளி தின்னுறாய். உன்ர அரைக்கொத்து அரிசி யோகராணிக்கும் நடுவிலாளுக்கும் சின்னவனுக்கும் போகுது. அது போனா நான் எதை அவிக்க? சொல்லு அன்னம், எதை அவிக்க?"

பாக்கியரத்தினம் மச்சாள் பொல்லாதவர் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். ஆனால் அவரும் மரவள்ளிதான் தின்கிறார். என்னைவிடக் குறைவாகத் தின்கிறார்.

அண்ணா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தை ஒரு மணித்தியாலம் படித்தார்.

30 மார்ச், சனி

ஞானசேகரத்தார் வரவில்லை. மூன்று கிழமை. போன முறை விட்டுப்போன இரண்டு சேட்டும் தைத்து முடித்துக் கொடியில் தொங்குகின்றன. லோஞ்ச் இஞ்சின் பழுதாம், இறக்குமதி இல்லாததால் சாமான் இல்லையாம், தானே எதையோ வெட்டி ஒட்டிச் சரிக்கட்டுகிறாராம் என்று அபூதாஹிர் சொன்னதாகச் சுபைதா சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

சரி, நானும்தான் கேட்டேன்.

9 ஏப்ரல், செவ்வாய்

ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள். முப்பத்திரண்டு வருடமாகிறது.

எனக்கு எட்டு வயது, அண்ணாவுக்குப் பதினைந்து. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி நாட்கணக்காக எரிந்தது. பகலிலும் வானம் கறுப்பு. எங்களை வள்ளத்தில் ஏற்றிக் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். கட்டைபறிச்சானில் ஒரு கிடுகுக் கொட்டிலில் நாலு மாதம் இருந்தோம். கரையில் இறங்கும்போது அண்ணா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்தது நன்றாக ஞாபகமிருக்கிறது. கூப்பன் என்ற சொல்லையே நான் முதன்முதல் கேட்டது அந்தச் சண்டைக் காலத்தில்தான். கூப்பனரிசி போதாமல் அண்ணா தன் சோற்றுக் கோப்பையிலிருந்து என் கோப்பைக்குத் தள்ளிவிடுவார். "எனக்கு வயிறு சரியில்லை" என்பார். நாலு மாதமும் அவருக்கு வயிறு சரியில்லை. நான் நம்பினேன்.

சண்டை முடிந்து இருபத்தொன்பது வருடம். கூப்பன் இன்னும் முடியவில்லை. இன்று மத்தியானம் சின்னவன் இன்னும் சோறு கேட்டபோது நான் என் கோப்பையைத் தள்ளிவிட்டு, "மாமிக்கு வயிறு சரியில்லை" என்றேன். அண்ணா நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியதோ என்னவோ, எழும்பிக் கை கழுவப் போய்விட்டார்.

அந்தக் கூப்பனை என்னால் இந்த வீட்டிலிருந்து எடுக்க ஏலாது. யார் திறப்பு வைத்திருந்தாலும் சரி, வைத்திருக்காவிட்டாலும் சரி. அது முடிந்த கதை.

14 ஏப்ரல், ஞாயிறு

வருடப்பிறப்பு. மூன்று சுண்டு அரிசியில் பொங்கல். சர்க்கரைக்குப் பனங்கட்டி. பொங்கி வழிந்தது என்று பெயருக்குச் சொன்னோம். பிள்ளைகள் பானையை விரலால் வழித்தார்கள். சந்தோசமான நாள்தான். மத்தியானம் படுத்துக் கிடந்து யோசித்தேன், கூப்பன் இல்லாவிட்டால் அந்த மனிதனுக்கு நான் வேண்டுமா? அரைக்கொத்து அரிசியோடு வருகிறவள் என்றுதான் கேட்டாரோ? இந்தக் காலத்தில் அப்படிக் கேட்டாலும் பிழை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குத் தெரியவேண்டும். தெரியாமல் இன்னும் நாற்பது வருடம் கொலர் திருப்ப என்னால் ஏலாது.

20 ஏப்ரல், சனி

போனேன்! இரண்டு சேட்டையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன்.

லோஞ்ச் கட்டிக் கிடந்தது. மூதூர்ச் சனம் இறங்கித் தயிர்ச்சட்டியும் விறகுமாகப் போய்விட்டது. அவர் இஞ்சின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு குந்தியிருந்தார். என்னைக் கண்டு திடுமென எழும்பி மேல்பலகையில் தலையை இடித்துக்கொண்டார்.

"சேட்டு" என்றேன். "ஆறு கிழமையாத் தொங்குது."

"கை ஊத்தை. அதில வையுங்கோ."

வைத்தேன். அத்தோடு திரும்பியிருக்கலாம். கால் நகரவில்லை.

"அண்டைக்கு நீங்கள் கேட்டது அரிசிக்கோ?"

அவர் ஒரு சீலைத்துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்தார், தோல் உரியுமட்டும் துடைத்தார்.

"விதானையார் கந்தோரில நான் பட்ட வெக்கம் தெரியுமோ உங்களுக்கு?"

"கேள்விப்பட்டனான். அதுதான் உங்கட முகத்தில முழிக்க ஏலாமல்... இஞ்சின் ஒரு கிழமைதான் பழுது. மற்றக் கிழமையெல்லாம் நான்தான் பழுது."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரித்தால் சொல்ல வந்தது போய்விடும்.

"கூப்பன் மாத்த ஏலாது" என்றேன். "அது அண்ணான்ர பிள்ளையளின்ர சோறு. அது அங்கதான் இருக்கும், எண்டைக்கும் அங்கதான் இருக்கும். கூப்பன் வராது." மூச்சு வாங்கிக்கொண்டேன். "ஆள் மாறலாமோ?"

சொல்லிவிட்டேன். நானேதான் சொன்னேன். கடல் அப்படியே கிடந்தது, இடி ஒன்றும் விழவில்லை.

அந்த மனிதன் என்னைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் முதன்முறையாக முகத்துக்கு நேரே பார்த்தார். "ஆளைத்தான் நான் கேட்டனான். கூப்பன் சும்மா ஒரு கதைக்கு. நேர கேக்க வாய் வரேல்ல." பிறகு அவசர அவசரமாக, வாய் திறந்தது மூடிவிடுமோ என்று பயந்தவர்போல, "என்ர கூப்பன் ஒண்டு இருக்கு. பின்வளவில மரவள்ளி நிக்குது. மீனுக்குக் குறைவில்லை. ரெண்டு பேர் சாப்பிடலாம். காணாட்டி நான் கொஞ்சமாச் சாப்பிடுவன்" என்றார்.

"எனக்குச் செவ்வாய்க் குற்றம்" என்றேன். அதையும் சொல்லிவிட வேண்டுமே.

"எனக்கு இஞ்சின் குற்றம். ஊத்தை போகாது. பாருங்கோ" என்று கையைக் காட்டினார்.

வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். தெருவில் சனம் பார்த்தது. பார்க்கட்டும்.

22 ஏப்ரல், திங்கள்

அண்ணாவிடம் சொன்னேன். கூப்பன் இங்கேயே இருக்கும், நான் மட்டும்தான் போகிறேன் என்றேன். அண்ணா, "நல்ல மனிசன், தண்ணி வென்னி இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெகுநேரம் என் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

மச்சாள் நம்பவில்லை. "கூப்பனில்லாமல் ஒருத்தன் கட்டுவானோ?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு அலுமாரியைத் திறந்தார். கூப்பன் புத்தகத்தை எடுத்துத் தரப்போகிறாரோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். எடுத்தது தன்னுடைய கலியாணச் சீலைக்கு வைத்த சட்டைத்துணி மிச்சம், குங்குமப்பூ நிறப் பட்டு. "உன்ர அளவுக்குக் காணும், நீ மெலிஞ்சுதானே போனாய்" என்றார். திறப்பைத் திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டார். அதுதான் மச்சாள்.

6 ஜூன், வியாழன்

கோயிலில் தாலி கட்டு. இருபது பேர். ஊரைக் கூட்டிச் சோறு போட இப்போது சட்டமும் விடாது, அரிசியும் இல்லை. அவித்த மரவள்ளி, சம்பல், வாழைப்பழம். சுபைதா குறிஞ்சாக்கேணியிலிருந்து ஆறு சட்டி எருமைத் தயிர் இறக்கியிருந்தாள். மரவள்ளியும் தயிரும் பனங்கட்டியும் இவ்வளவு ருசியா! வந்த சனம் சட்டியை வழித்தது. அவள் புருசன் அபூதாஹிர் மாப்பிள்ளையைப் பார்த்து, "கொலர் திருப்பினதோ புதுசோ?" என்று கேட்டார். திருப்பினதுதான்.

பஸ் இல்லை. சைக்கிளில் உப்புவெளிக்கு வந்தோம். நான் பின்னால், மெசின் நாளைக்கு வண்டிலில்.

9 ஜூன், ஞாயிறு

இவர் சமைப்பார்! எனக்குத் தெரியாது. திரளி மீன் புளியாணம். நான் இருந்து சாப்பிட்டேன், யாரோ பரிமாற இருந்து சாப்பிட்டது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

13 ஜூலை, சனி

உப்புவெளிச் சங்கக்கடைக்கு இன்றுதான் நானாகப் போனேன். இவருடைய கூப்பனுக்கு அரிசி வாங்கிவந்து சுளகில் போட்டேன். கல். கல்லோ கல். எங்கள் பட்டணத்துக் கடையே பரவாயில்லை.

இவர் வேலையால் வந்ததும் சுளகை முன்னால் வைத்தேன். "கல்லே இல்லையெண்டு சொன்னியள்?"

"அண்டைக்கு வேற என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல" என்றார். பிறகு சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்திக் கல் பொறுக்கினார். இஞ்சின் கை, மூன்று கல்லுக்கு ஒரு அரிசியையும் எறிகிறது. பேசினேன். நன்றாக ஏசினேன்.

3 ஓகஸ்ட், சனி

இங்கேயும் கொலர்கள் வரத் தொடங்கிவிட்டன. உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி வேலையாட்களின் வெள்ளைச் சேட்டு. பாண் கியூ இங்கே சின்னக் கியூ, ஆனால் பாணும் சின்னது. செருப்பு வைக்கச் சுபைதா இல்லை. பின்வளவில் மிளகாய் பதினாறு கன்று வைத்திருக்கிறேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

மச்சாள் வந்தார். கலியாணத்துக்குப் பிறகு முதன்முறை. சின்னவனைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸால் இறங்கி, வியர்வையோடு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் குசினி வாசலில் இருந்து சிரிக்கத் தொடங்கினார்.

வியாழக்கிழமை கூப்பன் பரிசோதனையாம். வீடு வீடாக. புத்தகத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். விதானையார் தனியாக வந்திருந்தால் பயமில்லை, அவருக்குத் தெரியாத கதையா? ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு உத்தியோகத்தரும் கூட வந்திருக்கிறார். பெயர் வாசித்தார்களாம். அண்ணா கந்தோரில். மச்சாள் பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னால் தள்ளினாராம். கடைசியாக, "அன்னலட்சுமி?"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு கூப்பன், எங்கே இருந்து தின்றால் என்ன என்பது என்னுடைய நியாயம். உத்தியோகத்தருக்கு அது விளங்குமா?

"என்னத்தைச் சொல்ல? 'இப்பதான் வெளியில போனவ, வந்திடுவா' எண்டனான். விதானையார் குனிஞ்சு சரி போட்டுட்டார். அவர் ஒரு சிரிப்பும் சிரிக்கேல்ல, பாவம், அடக்கிக்கொண்டு நிண்டவர்."

"ஐயோ மச்சாள், வாய் கூசேல்லையோ?"

"கூசேல்ல. பொய் நல்லா வந்தது." சிரித்துக்கொண்டே சொன்னவரின் முகம் கோணிற்று. "ஆனா சொல்லிப்போட்டு நான் வாசற் படலையைப் பாத்தனான் அன்னம். அவங்கள் போனாப் பிறகும் நிண்டு பாத்தனான். நீ உண்மையா வெளியில போயிருக்கிறாய், இந்தா வந்திடுவாய் எண்டு... விசரி மாதிரி நிண்டனான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இருபது வருடம் ஒரே குசினிக்குள் சண்டை பிடித்தோம். அந்த மனுசி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. சின்னவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மிளகாய்க் கன்றடிக்குப் போய்விட்டான்.

இவர் மீன் கொண்டுவந்தார். மத்தியானம் சோறு வடித்தேன். எங்கள் கிழமை அரிசியில் பாதி, போகட்டும். மச்சாள் இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டார். அவர் இரண்டாந்தரம் சாப்பிட்டும் நான் பார்த்ததில்லை.

பின்னேரம் பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் வெளிக்கிட்டது. மச்சாள் யன்னலால் தலையை நீட்டி, "கெதியா வந்திடு" என்றார், கடைக்கு அனுப்பும்போது சொல்கிறமாதிரி.

"ஓம்" என்றேன். பஸ் மறையும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.